இறக்கை முளைத்த மியாட்டா
1990 மாடல் மாஸ்டா மியாட்டாவை வாங்கினேன். முந்தைய உரிமையாளரின் ரசனையும் கூடவே வந்துவிட்டது. அவர் மாட்டியதில் ரோல் பார் இருக்கட்டும். துணிக்கூரை வண்டி கவிழ்ந்தால் தலைக்குக் காவல் அதுதான். பின்மண்டை மோதாமலிருக்க நுரை உறை மட்டும் சுற்ற வேண்டும். அலறும் சைலன்சர் போயே ஆகணும். தாழ்த்திய ஸ்பிரிங்குகளும்தான், வேகத்தடைதோறும் வயிறு உரசுகிறது.

சிக்கல் பின்னால் நிற்கும் அந்த இறக்கை. ஒரு டன்கூட எடையில்லை, 1.6 லிட்டர் எஞ்சின், இதுக்கு எதுக்கய்யா விமான வேஷம்? ஆனால் டிக்கி மூடியைத் துளைத்துப் போல்ட் போட்டிருக்கிறார் மனுஷன். கழற்றினால் ஓட்டை, ஓட்டைக்குள் மழைநீர், அப்புறம் துரு. பழைய மூடி ஒன்று சிக்கும்வரை இறக்கையோடுதான் ஓட்டம்.

ஒரிஜினல் பாகங்கள் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டேன். சைலன்சர் மட்டும் கராஜில் கிடக்கிறதாம். சனிக்கிழமை போகிறேன்.