அப்பா அறுத்த குறுக்கு மரம்

இரண்டு மாதமாக நான் இந்தப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு ஏதுமோ என்று பலர் போன் செய்து விசாரித்தீர்கள். நன்றாகவே இருக்கிறேன். வீட்டு மச்சில் மராமத்து வேலை நடந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. கீழே பலகை மச்சு, மேலே சீமை ஓட்டுக் கூரை. இரண்டுக்கும் நடுவில் புளிப்பானையும் நெல் மூட்டையும் பித்தளை அண்டாவும் கிடக்கும். 1973-இல் அப்பா அந்த இடத்தை ஓர் அறையாக மாற்றினார். அப்போது எனக்கு 12 வயது. வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர். கீழே ஒரு பட்டாசலும் ஓர் அறையும்தான்.

"படிக்கிற பிள்ளைக்குத் தனியா ஒரு இடம் வேணும்லா" என்று சொல்லி, மில் கணக்கு வேலையில் மிச்சம் பிடித்த பணத்தைப் போட்டார். ஏணி போய் மரப்படி வந்தது. தெருப்பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தார். வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு. வெக்கை தெரியாமல் இருக்க, ஓட்டுக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் சீட். எனக்கு எழுதுவதற்கு ஒரு சாய்வு மேசையும் செய்து கொடுத்தார்.

அந்த மேசையில் படித்துத்தான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலை கிடைத்த பிறகு, 25 வருடம் சாயந்தரம்தோறும் அதே மச்சில் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தேன். சில நாள் இருபது பேர்கூட இருப்பார்கள்.

1990 வாக்கில் மேற்குச் சுவரின் தலைப்பில் ஒரு விரிசல் விழுந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பூசி அடைத்தேன். மறு வருடம் அதே இடத்தில் திரும்பவும் வாய் திறந்தது. திரும்பவும் பூசினேன். "பழைய வீடுன்னா விரிசல் இருக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

2023 டிசம்பர் பெருமழையில் மச்சு ஒழுகத் தொடங்கியது. ஓடு மாற்றியும் நிற்கவில்லை. சென்னையில் இருக்கும் மகன், "அப்பா, இடிச்சிட்டு காங்கிரீட் போட்டுருவோம்" என்றான். எனக்கு மனசு வரவில்லை. அப்பா ஆசையாகச் செய்த அறை. பழுது பார்த்தால் போதும் என்றேன்.

வேலைக்கு வந்தவர் என் பழைய மாணவர், இப்போது தச்சு வேலை. முதலில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைக் கழற்றினோம். உடன் வந்த பையன் சுத்தியலால் தட்டி இறக்கப் போனான். தடுத்துவிட்டேன். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து, திருகாணியைக் கழற்றி, சீட்டை முழுசாகவே இறக்கித் தார்ப்பாயில் சுற்றினோம்.

சீட்டு போனதும் கைமரங்கள் தெரிந்தன. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இங்க குறுக்கு மரம் இருந்திருக்கு. காடி வெட்டுன இடம் அப்படியே இருக்கு. மரம் எங்க போச்சு?"

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அப்பா நல்ல உயரம். அந்தக் குறுக்கு மரங்களில் தலை இடிக்கிறது என்று நான்கையும் அறுக்கச் சொன்னார். என் சாய்வு மேசை அந்த மரத்தில் செய்ததுதான்.

குறுக்கு மரம் என்ன செய்கிறது என்பதை ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தால் புரியும். புத்தகத்தை விரித்து, கூடாரம் மாதிரி மேசை மேல் நிறுத்துங்கள். உச்சியில் அழுத்தினால் இரண்டு அட்டையும் விலகிப் படுத்துவிடும். இரண்டு அட்டையையும் ஒரு நூலால் கட்டிவிட்டு அழுத்தினால் நிற்கும். எங்கள் கூரையில் அந்த நூல் குறுக்கு மரம்தான். மச்சு உத்தரங்கள் வீட்டின் நீளவாக்கில் போகின்றன, அவை கைமரத்தின் காலைப் பிடிக்காது. கூரையில் சுமார் 900 ஓடு, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். மழையில் நனைந்தால் இன்னும் பாரம். இவ்வளவும் 50 வருடமாகச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சுவர் விலக, முகடு இறங்கி, ஓடுகளின் பிடி தளர்ந்து, ஒழுகல் வந்திருக்கிறது.

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். எட்டடிச் சுவர் ஒன்றேகால் அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது.

"நாங்க இருபது பேரும் இதுக்கு அடியிலதானே சார் உக்காந்திருந்தோம்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவும் இல்லை.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. ஆனால் எனக்கு அந்தச் சுவர் முப்பது வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால், விடையை மட்டும் அழித்து எழுத விடமாட்டேன். எந்த வரியில் தப்பு தொடங்கியது என்று தேடச் சொல்வேன். என் வீட்டில் நான் வருடா வருடம் விடையை மட்டுமே அழித்து எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர் நண்பர் ஒருவரும் வந்து பார்த்தார். சாய்ந்த சுவரை நிமிர்த்த முடியாது, மேற்கொண்டு சாயாமல் நிறுத்தலாம் என்றார். முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்தோம். மச்சுப் பலகைக்கு அடியில் 16 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி நான்கை இரண்டு சுவருக்கும் குறுக்காக ஓட்டி, வெளிப்பக்கம் தகடு வைத்து முடுக்கினோம். குறுக்கு மரங்களும் பழைய காடியிலேயே திரும்ப ஏறின. அதன்பிறகுதான் விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தோம்.

மின்சார வேலையும் பாக்கி இருந்தது. மரச்சட்டத்தில் ஓடிய பழைய வயரின் ரப்பர் கை பட்டதும் உதிர்ந்தது. எர்த் கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குழாய்க்குள் தாமிர வயர், எர்த், கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டாயிற்று. வெக்கைக்கு, ஓட்டுக்கு அடியில் காற்றுப் போக இடம் விட்டு அலுமினியத் தாள் விரித்தோம். செங்குத்தான படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, என் முழங்காலுக்காக. மொத்தம் 2,40,000 ரூபாய் ஆனது.

பழைய ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மச்சில் ஏறி, குறுக்கு மரம் எதையாவது அறுத்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல் வந்தால், பூசுவதற்கு முன் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள்.

மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பிரித்து மரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம், புது மரம் போடுங்கள் என்றேன். பள்ளி திறந்ததும் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தலை இடிக்காது. நான்தான் குனிந்து போக வேண்டும்.