செல்மா: ஓட்டுக்காக நடந்த ஊர்

அமெரிக்கா என்றதும் நியூயார்க், டிஸ்னிலேண்ட் என்றுதான் நம்மில் பலர் பயணத் திட்டம் போடுகிறோம். நான் போக ஆசைப்பட்டது தெற்கே அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மாவுக்கு. அட்லாண்டாவில் இறங்கி, வாடகைக் காரில் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. அங்கிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் செல்மா.

சிறிய ஊர். கடைத்தெருவில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. 2023 ஜனவரியில் வீசிய சுழற்காற்றின் காயமும் முழுதாக ஆறவில்லை. கடைத்தெருவின் கோடியில், அலபாமா ஆற்றின் மேல் எட்மண்ட் பெட்டஸ் பாலம் நிற்கிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைத் தளபதி ஒருவரின் பெயர் அது. இன்னும் மாற்றவில்லை.

பாலத்தின் நடுப்பகுதி முதுகுபோல் உயர்ந்திருக்கிறது. ஊர்ப்பக்கம் நின்றால் அக்கரை தெரியாது. 1965 மார்ச் 7ஆம் தேதி, ஓட்டுரிமை கேட்டு நடந்து வந்த சுமார் 600 பேரும் உச்சிக்கு வந்த பிறகே எதிரே காத்திருந்த காவலர்களைக் கண்டார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, குதிரைப்படை. முன்னால் நடந்த 25 வயது ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. அன்றிரவே தொலைக்காட்சியில் நாடு முழுவதும் அதைப் பார்த்தது. இரண்டு வாரம் கழித்து மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மீண்டும் புறப்பட்ட ஊர்வலம் ஐந்து நாளில் மாண்ட்கோமரியை அடைந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அதற்கு முன் இந்த வட்டாரத்தில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய பாதிப்பேர். ஆனால் அவர்களில் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் 2 விழுக்காடு அளவுதான். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே திறந்திருக்கும். வரிசையில் நின்று உள்ளே போனாலும் அரசியல் சாசனத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, தேறவில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

பாலத்துக்கு அருகே நடைபாதையில் ஒரு மடக்கு மேசை. அதில் வாக்காளர் பதிவுப் பாரங்கள். பின்னால் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். மலேசியாவில் 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது என்றேன். "இங்கே நாமேதான் போய்ப் பதிய வேண்டும்" என்றார். 1965இல் அவருக்கு 11 வயது. "அன்றைக்கு அம்மா என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் கண் சிவந்து திரும்பினார்."

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். 2013இல் அலபாமாவின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பைச் சொன்னார். அதுவரை இம்மாநிலம் தேர்தல் விதிகளை மாற்ற வாஷிங்டனின் முன் அனுமதி வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே ஓட்டுப் போடப் படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயமானது. 2015இல் செலவைக் குறைக்க 31 ஓட்டுநர் உரிம அலுவலகங்களை மூடினார்கள். பலருக்கு அந்த உரிமம்தான் அடையாள அட்டை. எதிர்ப்பு கிளம்பியதும் மாதத்தில் ஒரு நாள் திறப்பதாக அறிவித்தார்கள். "எங்கள் அம்மா காலத்தில் இரண்டு நாள்" என்றார் அவர், சிரிக்காமல். பின்னர் மத்தியப் போக்குவரத்துத் துறை தலையிட்ட பிறகே நேரம் கூடியது.

அப்போது அந்தப் பக்கம் வந்த இளைஞர் ஒருவர் பாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஓட்டுப் போட்டு என்ன கிடைத்தது? எங்கள் பாட்டி வீட்டுக் கூரை இன்னும் சரியாகவில்லை."

அம்மையார் கோபப்படவில்லை. "எங்களை அடித்த ஷெரீப் ஜிம் கிளார்க்கை 1966இல் ஓட்டுப் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். அப்போதைய மேயரையும் 2000இல் தோற்கடித்தோம். முதன்முறையாகக் கறுப்பினத்தவர் ஒருவர் மேயரானார்."

"அதற்கு 35 வருடம் ஆனதே! கூரைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்கவா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பாரத்தை மட்டும் மறுபடி நீட்டினார். இளைஞர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஷெரீப், நீதிபதி, பள்ளி வாரியம் என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஓட்டு உண்டு. அதைக் கேட்டு நான் வியந்தபோது, "உங்கள் ஊரில் நகராண்மைக் கழக உறுப்பினரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். மாநில அரசு நியமிக்கிறது, ஊராட்சி மன்றத் தேர்தல் நிறுத்தப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்றேன்.

"எப்போது நிறுத்தினார்கள்?"

"1965 மார்ச்சில்."

அவர் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதே மாதமா?" என்று மட்டும் கேட்டார்.

செல்மாவுக்குப் போக விரும்புவோர் மார்ச் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுதோறும் அப்போது ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாலத்தை நடந்து கடக்கிறார்கள். மற்ற நாள்களில் போனால் கூட்டம் இருக்காது. நின்று நாலு பேரிடம் பேசலாம். அவர்களும் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.