வலது ஓரம்

27 ஜூன் 2020, குரோனிங்கன்

ஆர்யன் ராபன் திரும்பி வருகிறாராம். போன ஜூலையில் ஓய்வை அறிவித்தவர், 36 வயதில், தான் தொழில்முறைக் கால்பந்தைத் தொடங்கிய எஃப்சி குரோனிங்கனுக்கே மறுபடி ஆடப்போகிறார். கொரோனாவில் கிளப் தடுமாறுகிறது, கை கொடுக்க வேண்டும் என்கிறார். கீழ்வீட்டுக் கிழவரிடம் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று சொன்னேன். “மோசமில்லை” என்றார். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு மேல் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆய்வகம் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

3 ஜூலை

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை ஊருக்குக் கூட்டிப்போகும் வந்தே பாரத் விமானத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். அம்மா: “மக்களே, எப்பம் வருவ?”

12 ஜூலை

சைக்கிளில் பெடும் வரை போனேன். ராபன் பிறந்த ஊர். ஒரு தேவாலயம், சாய்ந்த கோபுரம், சுற்றிலும் மாடு மேயும் புல்வெளி. இங்கிருந்து ஐந்தோவன் (பிஎஸ்வி), லண்டன் (செல்சி), மட்ரிட் (ரியல்), மியூனிக் (பயர்ன்). நான்கு நாடுகளிலும் லீக் பட்டம். அவரை எந்த விமான நிலையத்திலும் தனியே நிறுத்தி விசாரித்திருக்க மாட்டார்கள்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், உள்ளே வெட்டுவார், இடது காலால் தூரத்துக் கம்பத்தைப் பார்த்து அடிப்பார். ஐரோப்பாவில் எல்லாத் தடுப்பாட்டக்காரருக்கும் இது தெரியும். பிறகு ஏன் தடுக்க முடியவில்லை? இரவு பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். குட்டிக் குட்டி அடிகள், ஒவ்வொன்றிலும் பந்து இடது காலோடேயே வருகிறது. எந்த அடியிலும் அடித்துவிடலாம். எதிராளி எடையை ஒரு காலுக்கு மாற்றும் வரை காத்திருக்கிறார். வெளியே சக ஆட்டக்காரர் பிலிப் லாம் ஓடிப்போய் இன்னொருவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார். ராபன் உள்ளே வருவார் என்பது தெரியும், எப்போது என்பதுதான் தெரியாது.

13 செப்டம்பர்

முதல் ஆட்டம், பிஎஸ்வியோடு. அரங்கில் இடம்விட்டு உட்கார்ந்த கொஞ்சம் பேர். கத்தக்கூடாது என்று விதி. அரை மணி நேரத்தில் ராபன் காயத்தோடு வெளியேறினார். 1-3. கிழவர் டிவியை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனார்.

14 செப்டம்பர்

எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

21 நவம்பர்

அப்பா போன். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், நேற்று கோவாவில் ஐஎஸ்எல் கால்பந்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் ஸ்ட்ரெச்சரில் வெளியேறியிருக்கிறான். “நம்ம கடக்கரப் பயலுக்கு இப்பிடி ஆயிட்டே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ராபனைப் பற்றிச் சொன்னேன். “ரைட் அவுட்டுக்கு முப்பத்தாறு வயசா? வீட்ல இருக்கச் சொல்லு.”

தூக்கம் வரவில்லை. 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: ராபனும் ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாசும் மட்டும், பந்து காசியாசின் காலில் பட்டு வெளியே போகிறது. 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதி, மியூனிக், சொந்த மைதானம்: கூடுதல் நேரத்தில் பெனால்டி, செல்சி கோல்கீப்பர் பெட்ர் செக் பிடித்துவிட்டார். மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் நெதர்லாந்து சட்டையில் ஆட வந்தவரைப் பார்த்துப் பயர்ன் ரசிகர்களே சீட்டியடித்துக் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு வெம்ப்ளியில் 89ஆவது நிமிடத்தில் கோல் அடித்து அவர்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். நானாக இருந்தால் அந்தச் சீட்டிக்கு மறுநாளே பெட்டி கட்டியிருப்பேன்.

23 ஜனவரி 2021

இன்று முதல் இரவு ஒன்பதுக்கு மேல் ஊரடங்கு. ராபனுக்கு 37.

30 ஏப்ரல்

26ஆம் தேதியிலிருந்து இந்தியாவிலிருந்து இங்கே விமானம் இல்லை. போனால் எப்போது திரும்ப முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரில் தெருவுக்கு இரண்டு வீடு அடைத்துக் கிடக்கிறதாம். அப்பாவுக்கு இருமல், “வெறும் சளிதான்” என்கிறார். அம்மா எப்பம் வருவ என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் உறுத்துகிறது. பேராசிரியர் ஓராண்டு நீட்டிப்புத் தருவதாகச் சொல்கிறார். மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

9 மே

எம்மன் ஊரில் 4-0! செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ராபன். இரண்டு கோலுக்கு அவர் கொடுத்த பந்து. பேட்டியில் கண் கலங்கிவிட்டார். மாடியில் தனியாகக் கத்தினேன். கீழேயிருந்து சுவரில் தட்டல். கோபமா, கொண்டாட்டமா தெரியவில்லை. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சோறு பொங்கி மீன் குழம்பு வைத்தேன், இங்கத்து மீனில் உப்பே இல்லை.

28 மே

பேராசிரியருக்குப் பதில் அனுப்பினேன்.

15 ஜூலை

ஓய்வு. இந்த முறை உண்மையாகவே போலிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். “சொந்த ஊர்லயா முடிச்சான்?” என்றார். ஆமாம் என்றேன். “செரி” என்றவர், சூசைராஜ் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை, அடுக்களை ஓடு ஒழுகுகிறது, இரண்டாம் ஊசிக்குப் போக வேண்டும் என்று வேறெங்கோ போய்விட்டார். போனை வைத்ததும் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் பார்த்தேன். போக மட்டும் எவ்வளவு, போய்வர எவ்வளவு என்று இரண்டையும். போய்வருவதற்குத்தான் விலை குறைவாக இருக்கிறது. நாளை மறுபடி பார்க்கவேண்டும்.