எந்த மாதத்துக் கடல்?

சட்டங்களையும் அறிவிக்கைகளையும் இலக்கியம்போல உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். ஆனால் பொறுமையாக வாசிப்பவருக்குத் தெரியும், ஒரு சட்டத்தில் ஒரு சொல் இருப்பதும் இல்லாமற்போவதும் சிலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுகின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எட்டாவது பிரிவு, அரசு எந்தெந்தத் தகவல்களைத் தர மறுக்கலாம் என்று பட்டியலிடுகிறது. அதன் முதல் உட்பிரிவில் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொருளாதார நலன் ஆகியவற்றுக்கு நடுவே அரசின் ‘அறிவியல் நலன்’ என்றொரு தொடரும் அமர்ந்திருக்கிறது. அறிவியலில் அரசுக்கெனத் தனியாக ஒரு நலன் உண்டு, மக்கள் அறிந்துகொள்வதால் அது கெட்டுவிடலாம் என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது.

செங்கல்பட்டுக்காரனான எனக்குக் கடல் என்பது திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய்ச் சேரும் இடம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கரையும் அதற்குள் வந்தது. அந்தச் சிறிய தொலைவுக்குள் எத்தனை விதமான அறிவியல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு. முதலாவது 2013இலும் இரண்டாவது 2024இலும் திறக்கப்பட்டன. குடிநீரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் உப்பு மிகுந்த நீர் கடலுக்கே திரும்புகிறது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை அலையிடமிருந்து காக்கப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம், ஈனுலை, எரிபொருள் மறுசெயலாக்க ஆலை. இவற்றுக்கு நடுவே நடுவே மீனவர் குப்பங்கள்.

இப்படிப்பட்ட கரையில் ஒரு புதிய திட்டம் வருமானால் அது சுற்றுச்சூழலை என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து சொல்லவேண்டும் என்ற விதி இந்தியாவில் 1994இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கை. வாசிக்கத் தகுந்த ஆவணம் என்றே சொல்வேன். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டிய திட்டங்களுக்கு, குறைந்தது முப்பது நாட்கள் முன்பாக அறிவிப்புத் தரவேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கவேண்டும். அதன் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்கவேண்டும். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை வந்தவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டவேண்டும். அதே அறிவிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு எதுவும் கிடையாது. ஒருவரும் வராவிட்டாலும் கேட்புக் கூட்டம் கேட்புக் கூட்டமே.

சில ஆண்டுகளுக்கு முன் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், இப்படியொரு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். எந்தத் திட்டம், எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. நாற்பது வருடங்களுக்குமேல் கடலுக்குப் போனவர். அவர் வீட்டுக்கும் அலைக்கும் இடையில் முன்பு வலை உலர்த்தும் மணல்வெளி இருந்தது. நான் போனபோது அந்த இடத்தில் தண்ணீர் நின்றது. கடல் இன்னும் எவ்வளவு உள்ளே வரும் என்பது அவருக்கு ஆராய்ச்சிக் கேள்வி அல்ல, அந்த வீட்டில் மகனுக்கு ஓர் அறை கட்டலாமா வேண்டாமா என்ற கேள்வி.

சுருக்கத்தின் தமிழ், தமிழாக இல்லை. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்திருந்தார்கள். நான் அதை இன்னொரு முறை என் தமிழுக்குப் பெயர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். கடற்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நேராது என்ற பொருள்படும் வரி வந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தம்பி, இவங்க எந்த மாசத்துல வந்து அளந்தாங்க?”

சுருக்கத்தில் அது இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் இருந்த ஆங்கில மூலத்தைப் பார்த்தபிறகுதான் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்று தெரிந்தது. மறுவாரம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “மாசி பங்குனியில கடல் கொளம் மாதிரி கெடக்கும். ஐப்பசி கார்த்திகையில வந்து பாத்திருந்தா இப்படி எழுதியிருப்பாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இக்கேள்வியின் எடை சோழமண்டலக் கரையின் மணலைப் பற்றி அறிந்தவர்களுக்குப் புரியும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கடலுக்குள் சுவர் நீட்டியபோது அதற்குத் தெற்கே மணல் தங்கி மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். ஆக, மணல் எங்கே போகிறது என்பதை மூன்று மாதத்தில் அளந்து சொல்ல முடியாது. ஆனால் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்து அளவீடே போதும் என்பதுதான் இத்தகைய அறிக்கைகளின் வழக்கம். அளப்பவருக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அறிக்கையில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். மாசி மாதத்துக் கடலைப் பற்றி அது சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதை வருடம் முழுவதற்குமான கடல் என்று வாசிக்க வைப்பதில்தான் சிக்கல். அளந்த மாதத்தைச் சொல்லாத முடிவு, எனக்குத் தோன்றுவது, அறிவியல் உடை உடுத்திய ஓர் அபிப்பிராயம் மட்டுமே.

பெரியவரின் கேள்வியை எழுத்தில் கொடுத்தோம். பிறகு வந்த இறுதி அறிக்கையின் அட்டவணையில் அது ‘கடலரிப்பு பற்றிய அச்சம்’ என்று ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. எதிர்க் கட்டத்தில், விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. அவர் கேட்டது ஒரு முறையியல் கேள்வி. ஓர் ஆய்வுக்கூடத்தில் கேட்டிருந்தால் மதிப்போடு பதில் சொல்லியிருப்பார்கள். குப்பத்திலிருந்து வந்ததால் அது அச்சமாகிவிட்டது.

அறிக்கையே கையில் கிடைக்காத நிலையும் உண்டு. கல்பாக்கம் அதற்கு அண்டையிலேயே உள்ள உதாரணம். 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, ஆறு ஊழியர்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேலான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி இருக்கவில்லை. வெளியுலகம் இதை அறிந்தது மாதங்கள் கழித்து. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் வரும் ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து 2000ஆம் ஆண்டிலேயே விலக்கியிருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இயக்குபவரின் வீட்டுக்குள்ளேயே கண்காணிப்பவரும் இருக்கும் ஏற்பாடு. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் இத்துறையின் தகவல்களைப் பூட்டிவைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாக நிறைவேற்றிய சாந்தி சட்டம், ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதியைக் கொடுத்தது. அது நல்ல மாற்றம். ஆனால் எந்தத் தகவல் கட்டுப்படுத்தப்பட்டது என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது.

அணுசக்தியில் சில இரகசியங்கள் தேவைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆலையின் காவல் ஏற்பாட்டை அறிக்கையாக வெளியிடச் சொல்ல யாருக்கும் பைத்தியம் இல்லை. ஆனால் கரையோர மீனில் எவ்வளவு கதிரியக்கம், கடலுக்குத் திரும்பும் நீரின் வெப்பம் எவ்வளவு, ஊழியர் உடலில் பதிவான அளவு எவ்வளவு என்பவை எந்த எதிரி நாட்டுக்கும் பயன்படாத தகவல்கள். அந்த மீனைத் தின்பவருக்கு மட்டுமே பயன்படுபவை.

வெளிப்படைத்தன்மை என்ற சொல் எப்போதும் எளியவர் பக்கமே நிற்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. இதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1993இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், ஆறு நகரங்களில் எண்ணாயிரம் பேருக்கு மேல் பல வருடங்கள் தொடர்ந்து, காற்றிலுள்ள நுண்துகளுக்கும் அகால மரணத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அங்கே காற்று மாசு விதிகள் கடுமையானதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். பங்கேற்றவர்களுக்கு அவர்களுடைய மருத்துவக் குறிப்புகள் வெளியே போகாது என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பின்னர், மூலத் தரவுகளை எல்லோருக்கும் திறக்காத ஆய்வுகளின் அடிப்படையில் விதி இயற்றக்கூடாது என்று கோரும் மசோதாக்கள் 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறின, செனட்டைத் தாண்டவில்லை. அதே எண்ணத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021 ஜனவரியில் கொண்டுவந்த விதியை அடுத்த மாதமே நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதத்தில் வந்த அதிபர் ஆணையொன்று, உயர்தர அறிவியல் என்ற பெயரில், அந்த விவாதத்தை மீண்டும் தொடங்கிவைத்தது. திறந்து காட்டு என்ற நியாயமான கோரிக்கையை, நோயாளிகளின் இரகசியம் காக்கப்பட்ட ஒரே காரணத்துக்காக நல்ல ஆய்வை ஒதுக்கும் கருவியாக்க முடியும் என்பதே இதில் பாடம்.

அங்கே பொதுநலனுக்காக நடந்த ஆய்வு தன்னை முழுவதும் திறந்து காட்டவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டது. இங்கே திட்டக்காரரின் காசில் நடந்த ஆய்வு எதையும் திறந்து காட்டாமலே அனுமதி வாங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அளக்க முடியாது. யார் யாரிடம் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சட்டம் பார்த்தாகவேண்டும்.

மொழி இன்னொரு கதவு. 2006 அறிவிக்கைக்குப் பதிலாக 2020 மார்ச்சில் மத்திய அரசு ஒரு வரைவை முன்வைத்தது. கருத்துக் கேட்புக்கான முப்பது நாட்களை இருபதாகக் குறைப்பதும் அதில் இருந்தது. நாடு முழுவதன் கருத்தையும் கேட்ட அந்த வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியானது. எட்டாவது அட்டவணையிலுள்ள இருபத்திரண்டு மொழிகளிலும் அதைத் தரவேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வருடம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டபோது, அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொழிபெயர்ப்பதைவிட வழக்காடுவது எளிது என்று ஓர் அரசுக்குத் தோன்றுகிறதென்றால், மொழிபெயர்ப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பது நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

சட்டம் முற்றிலும் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய மாதவ் காட்கில் குழுவின் அறிக்கையைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்தது. 2012இல் மத்தியத் தகவல் ஆணையமும் பிறகு தில்லி உயர் நீதிமன்றமும் சொன்னபிறகு அது வெளியே வந்தது. அதைச் சாத்தியமாக்கியது இதே 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், இந்தியாவில் முதலாவதாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்த மரபுக்கு இன்னும் ஓரடி வைக்க முடியும்.

என்னிடம் கேட்டால் நான்கு வரிகளில் ஒரு சட்டம் எழுதுவேன். கடலைப் பற்றிச் சொல்லும் எந்த அறிக்கையும், அளந்த இடம், நாள், கருவி, அளந்தவர் யார் என்பவற்றைத் தமிழ்ச் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லவேண்டும். அளவீடுகள் சுருக்கப்படாமல், திட்டம் முடிவாவதற்கு முன்னரே கிடைக்கவேண்டும். தனிமனிதரின் மருத்துவக் குறிப்புகள் தவிர வேறெதையும் மறைப்பதானால் மறைப்பவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்டவரின் சொற்களிலேயே பதிவு செய்து, அதற்குப் பதில் எழுதவேண்டும்.

நான்காவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். முதல் மூன்றும் தரவைப் பற்றியவை. நான்காவது, மறுகரையில் நிற்பவரும் அறிந்தவர்தான் என்று ஒப்புக்கொள்வது. வாடை எப்போது திரும்பும், கச்சான் எத்தனை நாள் நிற்கும் என்று கணித்துப் பிழைத்த ஒருவரின் கேள்விக்கு, அச்சம் என்று பெயரிடாமல் கேள்வி என்றே பெயரிடுவது. பெரியவர் மகனுக்கான அறையை இன்னும் கட்டவில்லை. செங்கல்லை மட்டும் வாங்கி வீட்டின் மேற்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டி, அடுக்கி வைத்திருக்கிறார்.