எங்கள் பெயரால் நிரப்பப்படும் நிலம்

புதிதாக வருகிறவர்களுக்கு வீடு வேண்டும் என்பதுதான் ஒன்ராறியோவில் சதுப்பு நிலங்களின் பாதுகாப்பைத் தளர்த்துவதற்கு இன்று அடிக்கடி சொல்லப்படும் காரணம். அந்தப் புதிதாக வந்தவர்கள் நாங்கள்தான். ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்து, மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிரம்ரனிலும் வீடு வாங்கிப் பரவியவர்கள். எங்கள் தேவையைக் காட்டி ஒரு நிலம் நிரப்பப்படும்போது, அந்த நியாயம் சரியா என்று கேட்கும் கடமை மற்றவர்களைவிட எங்களுக்கே அதிகம். தென் ஒன்ராறியோவில் ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் இருந்த சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 72 சதவீதம் 2002ஆம் ஆண்டுக்குள் அழிந்துவிட்டதாக டக்ஸ் அன்லிமிற்றட் கனடா அமைப்பின் ஆய்வு மதிப்பிட்டது. மிச்சமிருக்கும் சிறு பங்கைப் பற்றியே இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர என்ன விலை என்பதற்கு ரொறன்ரோ நகரமே சாட்சி. டொன் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் இருந்த ஆஷ்பிரிட்ஜஸ் குடாவின் சதுப்பு, பெரும் ஏரிகளின் கரையிலிருந்த மிகப் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று. நகரத்தின் கழிவுநீரையும் மாட்டுக் கொட்டகைகளின் கழிவையும் அதற்குள் விட்டார்கள். நாறியது, நோய் வரும் என்ற அச்சம் எழுந்தது. அழுக்காக்கியவர்களை விட்டுவிட்டு நிலத்தைக் குற்றவாளியாக்கினார்கள். 1912ஆம் ஆண்டுத் துறைமுகத் திட்டத்தின்படி அதை மண்போட்டு நிரப்பித் தொழிற்பேட்டை ஆக்கினார்கள். வளைந்து நெளிந்து ஏரியைச் சேர்ந்த ஆறு, கீற்றிங் கால்வாய்க்குள் செங்கோணமாகத் திருப்பப்பட்டது. பனி உருகும் காலத்திலும் பெருமழையிலும் வெள்ளம் வடிய வழியின்றிக் கரையேறியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2017இல், மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 125 கோடி டொலர் ஒதுக்கின. பத்து இலட்சம் கன மீற்றருக்கு மேல் மண் அகழ்ந்து, ஆற்றுக்குப் புதிய முகத்துவாரமும் அதன் ஓரங்களில் சதுப்பும் அமைத்தார்கள். 2024இல் ஆறு அதில் ஓடத் தொடங்கியது. அகழ்ந்த இடத்தில், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் புதைந்து கிடந்த கோரை விதைகள் முளைத்தன. இந்தச் செய்தி எனக்குத் தரும் மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஆனால் விதை பிழைத்ததைக் கொண்டு சதுப்பு முழுவதும் பிழைத்துவிட்டதாகக் கணக்கிட முடியாது; மீண்டது பழைய பரப்பில் ஒரு சிறு பகுதிதான்.

ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் உருவாக்கிவிடலாமே என்று வாதிடுவோர் இந்த வெற்றியைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் 621 சதுப்பு நிலங்களின் தரவுகளை ஒப்பிட்டது. மீட்கப்பட்டு ஒரு நூற்றாண்டு ஆன பிறகும் அவற்றின் உயிரினக் கட்டமைப்பு, இயற்கையான சதுப்புகளைவிடச் சராசரியாக 26 சதவீதம் குறைவாகவே இருந்தது. கரிமத்தைச் சேமிப்பது போன்ற வேலைகளில் 23 சதவீதம் குறைவு. மீட்பது வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் மீட்பை, அழிப்பதற்கான அனுமதிச் சீட்டாக்கக் கூடாது.

வீட்டுத் தேவை பொய்யல்ல. ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் இருப்பதை நாங்கள் அறிவோம். ஆனால் நிலப் பற்றாக்குறை இந்த நெருக்கடிக்குக் காரணம் அல்ல என்று, 2022 பெப்ரவரியில், மாகாண அரசு நியமித்த வீட்டுவசதிப் பணிக்குழுவே எழுதியது. அதே ஆண்டின் இறுதியில் அரசு சதுப்பு நிலங்களை மதிப்பிடும் முறையை மாற்றியது. அருகருகே உள்ள சிறு சதுப்புகளை ஒரே தொகுதியாகக் கணக்கிட்டுக் காத்த ஏற்பாடு நீங்கியது. சதுப்பைக் கேட்பது எப்போதும் வீட்டுக்காகவும் அல்ல: பிக்கரிங்கில் டஃபின்ஸ் ஓடையின் சதுப்பைக் குறிவைத்தது வீட்டுத் திட்டம்கூட அல்ல, ஒரு களஞ்சியம். மக்கள் எதிர்த்ததால் 2021இல் அது நின்றது.

வெள்ளத்துக்கான இடத்தில் வீடு கட்டினால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மாகாணம் கண்டிருக்கிறது. 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றது. ஹம்பர் ஆற்றோரத்தில் ரேமோர் வீதியில் மட்டும் 35 பேர். அதன் பிறகே வெள்ளப் படுகைகளில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டு, அந்த நிலங்கள் பூங்காக்களாயின. கோடையில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒன்றுகூடும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பல அப்படிக் காப்பாற்றப்பட்டவை. மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் நிலம் போனால் தண்ணீர் முதலில் நுழைவது பேஸ்மென்றுக்குள். அங்கே இருப்பவர்கள் யார்? நேற்று வந்த அகதி, படிக்க வந்த பிள்ளை, ஊரிலிருந்து அழைத்துவந்த அம்மம்மா. புதியவர்களுக்காக என்று சொல்லிச் சதுப்பை நிரப்பினால், அந்தப் புதியவர்களின் படுக்கையே முதலில் நனைகிறது.

ஆகவே வீடு வாங்கும்போது பாடசாலையையும் பேருந்தையும் விசாரிப்பதுபோல, அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்றும் கேளுங்கள். உங்கள் நகரத்தின் புதிய குடியிருப்புத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும்போது, சதுப்பு நிலத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே குழாயும் வீதியும் உள்ள இடத்தில் கட்டுங்கள் என்று எழுதுங்கள். வாக்குக் கேட்டு வரும் தமிழ் வேட்பாளரிடமும் இதையே கேளுங்கள்.