சூரியக் கடிகாரம் வைத்த ஸ்டேஷன்

மான்செஸ்டரில் லிவர்பூல் ரோடு என்ற தெருவில் நிற்கும் அந்தக் கட்டடம் ஒரு ரயில்வே ஸ்டேஷன் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வசதியான வணிகர் ஒருவர் குடியிருந்த வீடு போலத் தெருவைப் பார்த்து நிற்கிறது. 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறக்கப்பட்டது. இரண்டு பெரிய நகரங்களை நீராவி ரயில் இணைத்தது அதுதான் முதல்முறை. ஸ்டேஷன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக் கட்ட முன்மாதிரி எதுவும் இல்லை. கட்டியவர்களுக்கு வீடு தெரியும், வீட்டைக் கட்டினார்கள்.

ஆனால் அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தார்கள். முதல் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று. உள்ளே டிக்கெட் வாங்கும் கூடம் தனித்தனி, மேல்மட்டத்தில் இருக்கும் தண்டவாளத்துக்கு ஏறும் படிக்கட்டும் தனித்தனி. ரயில் எப்படி ஓடும் என்று சரியாகத் தெரியாத காலத்திலேயே, யார் எந்தப் படியில் ஏற வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அங்கே நின்றபோது எனக்கு மனசு கனத்தது.

முதல் வகுப்பு வாசலுக்கு மேலே சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் பதித்திருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது அதன் கீழேதான். அன்றைக்கு ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியன்தான் மணி. மான்செஸ்டரில் உச்சிப்பொழுது ஆகி மூன்று நிமிடம் போல் கழித்துத்தான் லிவர்பூலில் ஆகும். லண்டனோ மான்செஸ்டருக்கு ஒன்பது நிமிடம் முந்தியது. குதிரை வண்டிக்காரர் யாரும் இதைப் பெரிதாக நினைத்ததில்லை. ரயில் வந்த பிறகு அது பெரிய தலைவலியாகிவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் வர 1880 வரை ஆயிற்று.

நம் நாட்டில் ரயில்களுக்கு ஒரே நேரம் தரும் பொறுப்பு சென்னைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்திய ரயில்கள் ஓடியது நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம் கணித்த சென்னை நேரத்தில்தான். பம்பாயில் ஊர் மணி ஒன்று, ஸ்டேஷன் மணி ஒன்று. இந்தியாவுக்கு என்று ஒரு பொது நேரம் 1906இல்தான் வந்தது.

லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழா அன்றே வில்லியம் ஹஸ்கிஸன் என்ற எம்.பி., வழியில் இறங்கி நின்றபோது ‘ராக்கெட்’ எஞ்சினில் அடிபட்டு இறந்தார். பலரும் சொல்லும் கதை அது. எனக்கு ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த கிடங்குதான் முக்கியமாகப் பட்டது. அதே 1830இல் சில மாதங்களில் எழுப்பிய கட்டடம். சரக்கு வண்டி மேல்தளத்தில் வந்து நிற்கும், மூட்டைகள் கீழே தெருப்பக்கமாக வெளியேறும். அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகள் பறித்த பருத்தி லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கி இந்த வழியாகத்தான் ஆலைகளுக்குப் போனது. தடித்த மரத்தூண்களுக்கு நடுவே நடக்கும்போது, இந்த ரயில்பாதையைப் போடப் பணம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பது விளங்குகிறது.

இவ்வளவும் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஸ்டேஷன் பதவி இழந்ததுதான். 1844இல் பயணிகளை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு வெறும் சரக்கு நிலையம். சரக்கு நிலையத்தை இடித்து அழகாகக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. பாதையின் மறுமுனையில், லிவர்பூலில் இருந்த கிரவுன் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் இன்று இல்லை. 1975இல் மான்செஸ்டர் ஸ்டேஷனில் சரக்குப் போக்குவரத்தும் நின்றது. பெருநகர நிர்வாகம் கட்டடத்தை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கிச் செப்பனிட்டது. 1983இல், அதே செப்டம்பர் 15 அன்று, அருங்காட்சியகம் திறந்தது.

எனக்கு ராயபுரம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட ஸ்டேஷன். அந்தத் தூண் வைத்த கட்டடம் இன்றும் நிற்கிறது, மின்சார ரயில்களும் நிற்கின்றன. அதில் ஒரு நல்ல அறையை ஒதுக்கி, முதல் வண்டியில் யார் யார் ஏறினார்கள், பாதைக்கு மண் சுமந்தவர்கள் யார் என்று எழுதி வைக்கலாம். சென்னை நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றையும் சுவரில் மாட்டலாம். இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பிந்தி ஓடினால் போதும்.