வன்னிக்கு எந்த ஜெனறேற்றர்?

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வரும் ஆடி மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறாராம். வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, வவுனியாவில் இருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போய், கடற்கரையோரம் கூடாரம் அடித்து நான்கைந்து இரவுகள் தங்குவது திட்டம். "கையில் தூக்கக்கூடிய ஜெனறேற்றர் ஒன்று வேண்டும். எதை வாங்கலாம்? இங்கிருந்தே கொண்டு வரட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

பத்திரிகைக்காரனிடம் கேட்கும் கேள்வியா இது என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் போர்க்காலத்தில் வன்னிக்குச் செய்தி சேகரிக்கப் போன எவரும் ஜெனறேற்றரைப் பற்றிச் சிறிதாவது கற்காமல் திரும்பியதில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் தெற்கில் இருந்து வடக்கே வந்த மின்சாரம் நின்றுபோயிற்று. பின்னர் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் என்று அந்தப் பட்டியல் நீண்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை அது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்பாட்டை எடுத்துப் பார்த்தால், அதன் பின்னிணைப்பில்கூட வெடிமருந்து, முட்கம்பி ஆகியவற்றோடு பேனா பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில் வன்னியில் ஜெனறேற்றர் வாங்கியவர்கள் 'எத்தனை வாட்ஸ்' என்று முதலில் கேட்கவில்லை. 'மண்ணெண்ணெயில் ஓடுமா' என்றுதான் கேட்டார்கள். மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததென்று சொல்ல முடியாது. ஆயினும் பெற்றோலைவிடக் கிடைத்தது. தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரங்களைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் ஊரூராக இருந்தன. அவர்களே ஜெனறேற்றரிலும் கைவைத்தார்கள்.

செய்த வேலை எளிமையானது. ஆனால் காரணம் தெரிந்து செய்தார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே சிறு பெற்றோல் தாங்கி ஒன்றைத் தனியே பொருத்தி, அதில் இயக்கி, இயந்திரம் சூடேறிய பின்னர் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி, மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் 'டொக் டொக்' என்று தட்டும். அந்தத் தட்டல் பிஸ்ரனைத் தின்றுவிடும். அதற்காக ஹெட்டின் கீழே தடித்த கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். வலு சிறிது குறையும், ஆனால் ஆயுள் கூடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்வதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள். தாங்கி பொருத்த வழியற்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் ஊசி போடும் சிரிஞ்சில் நாலைந்து துளி பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தார்கள்.

கலியாண வீடு, கோயில் திருவிழா எல்லாம் இந்த இயந்திரங்களின் தயவில் நடந்தன. ஒரு ஜெனறேற்றர், ஒரு ரீவீ, ஒரு டெக் என மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பதும் இருந்தது. கதாநாயகன் அடிவாங்கும் இடத்தில்தான் பிளக்கில் கரி படிந்து இயந்திரம் நிற்கும். ஒருவர் எழுந்து போய்ப் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் துடைத்து, மறுபடி பூட்டி வரும்வரை நூறு பேர் இருட்டில் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பொறுமை இப்போது எவரிடமும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

ஒலி வேறு விதமான சிக்கல். ஜெனறேற்றரின் இரைச்சலில் கிபிர் வரும் ஓசை கேட்காது. 'வண்டு' என்று மக்கள் அழைத்த வேவு விமானத்தின் ரீங்காரமும் கேட்காது. ஆகவே இடையிடையே நிறுத்திவிட்டு வானத்துக்குக் காதுகொடுப்பார்கள். ஒலியை அடக்கவென்று கிடங்கு வெட்டி அதற்குள் இயந்திரத்தை இறக்கியவர்களும் உண்டு. பதுங்குகுழிக்கு அருகே அப்படி இறக்கினால் புகை குழிக்குள் போய்த் தேங்கும். பிள்ளைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தபோது சாப்பாட்டில் பழியைப் போட்ட தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கனடாவில் இருந்து கொண்டு வர வேண்டாம். அங்கே விற்பது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே எல்லாம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தவிரவும், பெற்றோல் ஊற்றி ஓட்டிய இயந்திரத்தை விமானத்தில் சாதாரண பொதியாக ஏற்ற விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் மோகமும் இனித் தேவையில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக ஏறியது. முல்லைத்தீவில் படகு எஞ்சினுக்கு அதையே நம்பியிருந்த கடற்றொழிலாளர் பட்ட பாடு தனியாக எழுதப்பட வேண்டியது.

தேவையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாலைந்து கைபேசி, ஒரு மடிக்கணினி, இரண்டு மின்விசிறி, சில எல்ஈடி விளக்குகள் எல்லாம் சேர்ந்தும் 300 வாட்ஸைத் தாண்டாது. குளிர்சாதனப் பெட்டி கொண்டு வருவதானால் கதை வேறு. அது தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஐஸ் பெட்டியோடு வந்தால் 1 கிலோவாட் இயந்திரமே போதும்.

அதிலும் இன்வேட்டர் வகையை வாங்குவது நல்லது. பழைய வகை, ஒரு பல்ப் எரிந்தாலும் பத்து பல்ப் எரிந்தாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றித்தான் 50 ஹேர்ட்ஸ் தரும். இன்வேட்டர் வகையில் மின்னணுச் சுற்று அந்த அலைவரிசையை அமைப்பதால் சுமை குறையும்போது எஞ்சினும் வேகம் குறைந்து, சத்தமும் எரிபொருளும் மிஞ்சும். விலை கூடத்தான். ஆனால் வாங்கும் முன்னர் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு மெக்கானிக்கிடம் பெயரைச் சொல்லி, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு விடயத்தில் வன்னி இன்னும் மாறவில்லை. பெற்றோலை வடிகட்டி ஊற்ற வேண்டும். பயணம் முடிந்ததும் காபரேற்றரை வடித்து உலர்த்தாவிட்டால் அடுத்த தடவை இயங்காது. கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் என்பதால் வேலை முடிந்ததும் துடைத்து மூட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் எழும்பாமலே போய்விடுவார். கூடாரத்துக்குள்ளோ, வானின் பின்கதவடியிலோ, கூடாரத்தின் முன்தாழ்வாரத்திலோ இயந்திரத்தை வைக்கவே கூடாது. மழை பெய்தாலும் கூடாது. 20 அடிக்குக் குறையாத தூரம் வேண்டும், புகைக்குழாய் மறுபக்கம் பார்க்க வேண்டும். ஆடியில் சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும். ஆகவே கூடாரத்துக்கு வடகிழக்கே, கடல் பக்கமாக வையுங்கள். ஆனால் கடற்கரையில் காற்றுத் திசை மாறக்கூடியது என்பதால் அதையும் முழுதாக நம்ப முடியாது. மாலை ஆறில் இருந்து எட்டு மணிவரை ஓட்டி ஒரு பற்றரியை நிரப்பிக்கொண்டு, படுக்கும் முன்னர் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். விசிறி இரவு முழுவதும் பற்றரியில் சுற்றும்.

ஒன்ராறியோவில் வீடுகளில் சட்டப்படி பொருத்தியிருக்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியில், பற்றரியில் இயங்கும் சிறியது ஒன்றை மட்டும் அங்கிருந்து கொண்டு வாருங்கள். பேனா பற்றரி இப்போது இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கிறது.